ஆமோதியில் எரிந்த அடுப்பு

அன்பு மாஜனி,

யாருமே நம்பாத ஒரு கதையைக் காமாக்யா அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன்.

இன்று ஆமோதி முதல் நாள். பூமித்தாய்க்குத் தீட்டு; கைம்பெண்கள் அடுப்பில் வெந்த எதையும் தொடாத நாள். காலையில் உன் அம்மா அடுப்பை மூட்டினாள்! புகையைக் கண்ட பிரம்மபுத்திரா ஓட மறந்து நின்றது. நம் வீட்டு யானை மயங்கி விழுந்தது. பக்கத்து வீட்டுப் பருவா வேலியைத் தாண்டிக் குதித்ததில் பறந்த அவர் குடை இன்னும் ஆகாயத்தில்தான் இருக்கிறது.

"அக்கா, இத்தனை வருஷ நோன்பு! புத்தி கெட்டுப்போச்சா?" என்று நானும் அவரும் வழி மறித்தோம்.

"என் பொண்ணு குவாஹாத்தியில பழத்தைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவ தட்டுல சோறு விழணும்னா மொதல்ல என் தட்டுல விழணும். வழிய விடுங்க!"



நீ வெள்ளை உடுத்திய பின் வரும் முதல் ஆமோதி இது. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

சரி, நதி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நம்மிடம் யானையே கிடையாது. உன் அம்மா சுடச்சுடச் சோறு சாப்பிட்டது மட்டும் நிஜம். பாதியைத் தூக்குச்சட்டியில் வைத்து, இந்தக் கடிதத்தோடு பேருந்தில் கொடுத்தனுப்புகிறாள். தூக்கைத் தொட்டுப் பார், இன்னும் சூடாக இருக்கும்.

உன் பொய்க்கார மாமா