பெயர் நாளன்று விலைபோன சரக்கு

நவம்பர் 15, சனிக்கிழமை

அன்பு மகள் எவாந்தியாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மெல்போர்னில் வெயில் தொடங்கிவிட்டது என்று கடலே கதியாகக் கிடக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒழுங்காக முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வரும்போது உன் அம்மா குறுக்கே புகுந்து முடிவைச் சொல்லிவிடுவாள். ஆகவே கடிதம். நீயும் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படி.

நம் ஊர்க் கட்டட அனுமதி அலுவலகத்தை மூடிக் கலமாதா நகர அலுவலகத்தோடு இணைக்கப்போகிறார்கள் என்பதும், நான் அங்கே மாற்றலாகிப் போய்ப் பழைய கோப்புகளின் நடுவே உட்கார வேண்டும், இல்லையேல் விருப்ப ஓய்வு பெற்று வெளியேற வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். எது என்பதை நேற்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உத்தரவு. வெளியேறினால் தன் கட்டுமான நிறுவனத்தில் வேலை தருவதாக உன் ஞானத்தந்தை ஆர்கிரிஸ் வாக்குக் கொடுத்திருந்தான். சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் ஐம்பது வயதில் ஒரு மனிதன் தன் வாழ்க்கை எதற்காக என்று புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. அந்தக் குழப்பத்தில்தான் உன்னிடம் பேசினேன். நீயோ ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு, உன் விளம்பர நிறுவனத்தில் புதுச் சோப்புக்கும் பிஸ்கோத்துக்கும் செய்வதை எனக்குச் சொன்னாய். 'சரக்கைப் பத்தி யோசிக்கிறத நிறுத்துங்கப்பா. யாரு திரும்பத் திரும்ப உங்ககிட்ட வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு பாருங்க. அந்தத் தெருவுல வேற எந்தக் கடையிலயும் கிடைக்காதது உங்ககிட்ட என்ன இருக்குன்னு பாருங்க' என்றாய். அதைக் கேட்டு உன் அம்மா, 'அப்பாவ பாக்கெட்ல அடைச்சு விக்கப் போறாளாம்' என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முறை என்று ஒன்று இருந்தால் அதை முழுமையாகப் பின்பற்றிப் பார்த்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை.

முதல் முயற்சி தோல்வி. காபிக்கடைக்குப் போய், அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும், 'என்னிடம் உங்களுக்குப் பயன்படுவது எது, மறைக்காமல் சொல்லுங்கள்' என்று கேட்டேன். சீட்டாட்டம் நின்றுவிட்டது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற லூக்காஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மினாஸ், டாக்டர் என்ன சொன்னாரு? எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?' என்று தழுதழுத்தான். நான் தங்கமானவன் என்றார்கள், ஊருக்கே கண் என்றார்கள். உயிரோடு இருக்கும் ஒருவனைப் பற்றி நம் ஊரில் யாரும் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறாயா? மாலைக்குள் ரொட்டிக்கடைக் கரிஃபாலியா எலுமிச்சை பிழிந்த கோழி சூப்போடு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்த உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். ஒன்றுமில்லை என்று விளக்கிச் சொன்ன பிறகு, 'பின்ன எதுக்கய்யா சாகப் போறவன் மாதிரி ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சே, என் சூப்பக் குடு' என்று பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதை உன்னிடம் சொன்னபோது நீ சொன்னாய், கேட்டால் பாராட்டுவார்கள், பாராட்டுகிறவன் எல்லாம் வாங்குகிறவன் அல்ல, கேட்காமல் கவனியுங்கள் என்று. எங்கே போய்க் கவனிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது: செவ்வாய்க்கிழமை புனித மினாஸின் திருநாள், அவர் பெயரைத் தாங்கிய எனக்குப் பெயர் நாள்! பெயர் நாளுக்கு நாம் யாரையும் அழைப்பதில்லை, கதவைத் திறந்து வைக்கிறோம், வருகிறவர்கள் வருகிறார்கள் என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. அழைக்காமல் வருகிறவனுக்குத் தனக்கென்று ஒரு காரணம் இருக்க வேண்டுமே. உங்கள் நிறுவனம் பணம் செலவழித்து ஏற்பாடு செய்யும் சோதனையைப் புனித மினாஸ் எனக்கு ஆண்டுதோறும் இலவசமாக நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

என் சரக்கு எது என்பதில் எனக்கு ஓர் ஊகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கட்டட விதிகளை எளிய மொழியில் விளக்கி நான் எழுதி வைத்திருக்கும் கையேடு. அதை அழகாகக் கட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வரவேற்பறைச் சிறுமேசையில் வைத்தேன். எவாந்தியா, மாலை வரை ஒருவரும் அதைத் திறக்கவில்லை. உன் அம்மா பொரித்துத் தேன் ஊற்றிய மடிப்புப் பலகாரத் தட்டை அதன் மேல்தான் வைத்தார்கள், இப்போது அட்டையில் தேன் வட்டம் வட்டமாக இருக்கிறது. சரி, இந்தச் சரக்கு போணியாகாது என்று குறித்துக்கொண்டேன்; அதில் வருத்தம்கூட வரவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறொன்றைக் கவனிக்கத் தொடங்கியிருந்தேன். ஒலிவ அறுவடைக் காலம் ஆகையால் பாதிப்பேர் எண்ணெய் ஆலையிலிருந்து நேராக வந்தார்கள். வந்தவர்கள் பல்லாண்டு வாழ்க என்று கையைக் குலுக்குவார்கள், ஒரு பலகாரம் எடுப்பார்கள், பிறகு என்னை மெல்ல ஓரமாக இழுப்பார்கள். முதலில் கரிஃபாலியா. அவள் அக்கா மகன் கடற்கரைப் பக்கம் மலிவாக நிலம் பார்த்திருக்கிறானாம், மறுநாள் முன்பணம் கொடுக்கிறானாம், தரகன் எல்லாம் சரியாகிவிடும் என்கிறானாம். பொதுச்சாலை அந்த நிலத்தைத் தொடுகிறதா என்று கேட்டேன். தொடவில்லை, நடுவில் அடுத்தவனுடைய தோப்பு இருக்கிறது. அங்கே வீடு கட்ட முடியாது, வாங்க வேண்டாம் என்றேன். 'அப்பாடா' என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். 'இத உன் வாயால கேட்கத்தான் வந்தேன். நான் சொன்னா அந்தத் தடியன் கேட்கமாட்டான், மினாஸே முடியாதுன்னுட்டாருன்னா கேட்பான்' என்றாள். அடுத்து லூக்காஸ், மாடி முகப்பைக் கண்ணாடி போட்டு அடைக்கலாமா என்று. முடியாது. அடுத்து ஆலைக்காரன் மருமகள், கிணற்றை ஒட்டி ஓர் அறை கட்டலாமா என்று. முடியாது. உன் அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்து, 'பண்டிகை நாளும் அதுவுமா வந்தவங்களுக்கெல்லாம் முடியாது முடியாதுன்னு என்னய்யா பேச்சு இது?' என்று கடிந்துகொண்டாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவளே, 'ஆனா ஒருத்தரும் மூஞ்சியத் தூக்கிட்டுப் போகல பாத்தியா? இன்னொரு பலகாரம் எடுத்துக்கிட்டுல்ல போறாங்க' என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். உன் கேள்விக்கான விடை பலகாரச் சட்டியின் முன்னால் கிடைத்தது. நம் ஊரில் பொறியாளரைக் கேள், வழக்கறிஞரைக் கேள், தரகனைக் கேள், 'பார்த்துக்கலாம்' என்பார்கள். அந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறது. முடியாது என்பது என் ஒருவனிடம்தான் கிடைக்கிறது. அதைத்தானே அலுவலகத்திலும் சொன்னீர்கள் என்பாய். சொன்னேன், ஆனால் அங்கே என் முன்னால் வந்தவன் நிலத்தை வாங்கி, வரைபடம் போட்டு, மனைவிக்குச் சமையலறை எந்தப் பக்கம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். அவனுக்கு என் வார்த்தை இடி. அதே வார்த்தை ஒரு வாரம் முன்னால் கிடைத்திருந்தால் அவன் எனக்கு ஒரு குப்பி எண்ணெய் கொண்டுவந்து கொடுத்திருப்பான். விதிகளைக் காப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். விதியில் போய் மோதிக்கொள்ளாமல் மனிதர்களைக் காப்பதுதான் வேலை என்று செவ்வாய்க்கிழமை பிற்பகல் எனக்குத் தெரிந்தது. இந்த வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

ஆனால் சோதனை இன்னும் முடியவில்லை. பொழுது சாயும்போது ஆர்கிரிஸ் வந்தான், கையில் மதுக்குடுவை, கக்கத்தில் சுருட்டிய வரைபடம். வீடு நிறைய ஆட்கள். பலகாரத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தான். 'மச்சான், வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போட்டுட்டா என் ஆளு. உன் முதல் வேலை இது. பத்து வீடு, பத்துக்கும் ஜெர்மன்காரன் வரிசையில நிக்கிறான். எல்லாரும் கேட்கிற மாதிரி ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லு, நிலத்துக்கு நாளைக்கே பணம் கட்டுறேன்' என்றான். பார்த்தேன். நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் உயரக் கோடுகள் எல்லாம் குறுக்கே ஒரே இடத்தில் உள்வாங்கியிருந்தன. அது ஓடை. அதை அளந்து எல்லை குறிக்காமல் அங்கே ஒரு கல்லும் நட முடியாது, குறித்தாலும் பத்தில் ஆறு வீடு போய்விடும். சொன்னேன். 'ஓடையா? ஆடுகூட அங்க தண்ணி குடிச்சதில்ல மச்சான்! அது வெறும் பள்ளம்' என்று சிரித்தான். முடியாது என்றேன். 'யோசிச்சுச் சொல்லு, வேலைக்கு எடுத்த மொத நாளே மொதலாளிய மறுத்துப் பேசுறியே' என்றான், பாதி விளையாட்டாக. முடியாது, ஆர்கிரிஸ் என்று மறுபடி சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. 'கலமாதாவுக்கே போ. அங்க பழைய காகிதத்துகிட்டப் போய் முடியாதுன்னு சொல்லிக்கிட்டிரு, அது திருப்பிப் பேசாது' என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். உன்னை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கி எடுத்த கை, என் பெயர் நாளன்று என் வீட்டில் ஒரு பலகாரம்கூடத் தொடாமல் போனது. மற்றவர்களும் சீக்கிரமே விடைபெற்றுக் கிளம்பிவிட்டார்கள். உன் அம்மா தட்டுகளை அடுக்கினாள். எண்ணெய்க் குப்பி தருவார்கள், பலகாரம் எடுத்துக்கொண்டு போவார்கள், ஆனால் என் 'முடியாது'வுக்குக் கூலி கொடுக்க ஒருவன் வருவானா என்பதுதானே கேள்வி. வந்த ஒரே பணக்காரனும் போய்விட்டான். புதன்கிழமை முழுவதும் கலமாதாவுக்குப் பேருந்து நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. ஆர்கிரிஸ். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான். 'நிலத்துக்காரன்கிட்டப் போனேன். ஒண்ணும் சொல்லல, அந்தப் பள்ளம் ஓடையாமேன்னு மட்டும் கேட்டேன். உடனே விலையைப் பாதியாக்கிட்டான் மச்சான்! நான் பேரமே பேசல. அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, என் பொறியாளனுக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் ஒரு பயலும் சொல்லல' என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, 'நீ என்கிட்ட வேலைக்கு வராதே. என் சம்பளத்த வாங்கினா ஒரே வருஷத்துல நீயும் பார்த்துக்கலாம்னு சொல்லக் கத்துக்குவே. எனக்கு இன்னும் ரெண்டு நிலம் பேச்சுல இருக்கு. வந்து பாரு, உன் கூலி என்னன்னு சொல்லு, ஓடை இல்லன்னாலும் கூலி உண்டு' என்றான். உன் அம்மா உள்ளிருந்து மீதிப் பலகாரம் முழுவதையும் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். நின்றபடியே மூன்றைத் தின்றான், சட்டையெல்லாம் தேன்.

நேற்றுக் காலை விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போனவன் பணத்தோடு திரும்பி வந்த பிறகு இன்னும் என்ன சோதனை வேண்டும்? ஒரு நிபந்தனையை எனக்கு நானே போட்டுக்கொண்டேன்: வாங்குவதற்கு முன் மட்டும் ஆலோசனை சொல்வேன், எவருக்காகவும் எந்த அலுவலகத்தின் வாசலிலும் போய் நிற்கமாட்டேன். கரிஃபாலியா தன் ரொட்டிக்கடைக்கு மேலே உள்ள அறையை வாடகைக்குத் தருகிறாள். பெயர்ப்பலகைக்கு 'நிலம் வாங்குமுன் சட்டத் தகுதி ஆய்வு மற்றும் ஆலோசனை' என்று எழுதிக் காட்டினேன். உன் அம்மா, 'இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் நிலத்த வாங்கிடுவான். முடியாது மினாஸ்னு போடு, ஊரே உன்ன அப்படித்தான் கூப்பிடுது' என்றாள். ஊர் என்னை அப்படிக் கூப்பிடுவது எனக்கு இதுவரை தெரியாது. இந்த விஷயத்தில் உன் தொழில்முறைத் தீர்ப்பை எதிர்பார்க்கிறேன், தயவுசெய்து அம்மாவின் பக்கம் சாயாமல் சொல்.

இறைவன் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக. உன் வேலையும் உன் நண்பர்களும் உனக்குத் துணையாக இருக்கட்டும். நீ கொடுத்த யோசனைக்கு அப்பா உனக்குக் கடன்பட்டவன், அதனால் இதை உடனே சொல்ல வேண்டியிருக்கிறது. நீ வாடகைக்கு எடுக்கப் போவதாகப் படம் அனுப்பிய வீட்டை இன்று காலை பெரிதாக்கிப் பார்த்தேன். சமையலறைச் சன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாகக் கூரைவரை ஏறுகிறது, அதன் மேல் புதிதாக வண்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள். அந்தச் சன்னலில் கடல் தெரிகிறது என்று நீ எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாய் என்பதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முடியாது, மகளே. கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
மினாஸ்