அஞ்சாவது பி வகுப்பின் மீன் தொட்டி

மிஸ்,

காலையில் வீட்டுச் சம்ப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டேன். மூன்று தரம் சோப்புப் போட்டும் வாடை விரலை விட்டுப் போகவில்லை. முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன. எழுந்து போக அலுப்பாக இருக்கிறது. அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். தப்புகளைச் சிவப்பு மையில் சுழிக்க நீங்கள் இல்லை. போன மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நீங்கள் பாடம் நடத்திய பள்ளியில் நான் ஆயாவாக இருந்தேன். அஞ்சாவது பி-யில் ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தீர்கள். நாலு பொடி மீன், சில நத்தை, கொசுப்புழு, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. மீனுக்கு யாரும் தீனி போடக்கூடாது என்பது உங்கள் கட்டளை. "வெயில்ல பாசி வளரும். பாசிய புழு தின்னும், புழுவ மீன் தின்னும். நாம ஒண்ணும் போட வேணாம், அதுங்களே ஒண்ணுக்கொண்ணு சோறு போட்டுக்கும்" என்பீர்கள். இங்கிலீஷில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம், கடைசி பெஞ்சுக்காகத் தமிழில் ஒரு தரம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் பெரிய மிஸ் வகுப்புக்குள் வந்தார். தொட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "என்ன இது இவ்ளோ கலீஜு? இங்க ஆயான்னு ஒருத்தி இருக்காளா இல்லையா?" பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வேலையை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

சாயந்தரம் எல்லாரும் போன பிறகு மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். புதுத் தண்ணீர் பிடித்து மீன்களைத் திரும்ப விட்டேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. காலையில் நாலும் மல்லாந்து மிதந்தன.

"மிஸ், மீன் தூங்குதா?" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"செத்துப்போச்சுடி லூசு" என்று பக்கத்துப் பையன் சொன்னான். சொன்னவன்தான் முதலில் அழுதான்.

பெரிய மிஸ் என்னை அன்றைக்கே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த சமயம் அது. நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள். "தப்பு என்னுது மேடம். நாப்பது பிள்ளைங்களுக்குச் சொன்னேன், தெனம் அது பக்கத்துல பெருக்குறவளுக்குச் சொல்லல. பாவம், அஞ்சாவதுதான் படிச்சிருக்கா. அவளுக்கு எப்படித் தெரியும்?"

நான் தலை குனிந்துகொண்டேன். வேலை தப்பியது.

அதோடு விட்டீர்களா? மறுநாளிலிருந்து லஞ்சு நேரத்தில் என்னைத் தரையில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தீர்கள். நான் துடைத்த தரையிலேயே சாக்பீஸால் பாசி, புழு, மீன் வரைந்து, "அம்புக்குறி போடு கமலா" என்றீர்கள். நான் மீனிலிருந்து புழுவுக்குப் போட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "எல்லாரும் இங்கதான் வழுக்கி விழுவாங்க. யார் யாரைத் தின்னுதுன்னு பாக்காத. சாப்பாடு எங்க போகுதுன்னு பாரு." அடுத்த நாள் சரியாகப் போட்டேன். ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்கிற மாதிரி, "என் கமலா ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டா!" என்றீர்கள். பியூன்கூட, "இன்னாக்கா, அடுத்து டாக்டருக்குப் படிக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தான். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மிஸ், அந்த அம்பை நான் வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.

எனக்கு எல்லாம் தெரியும். வராந்தா பெருக்கும்போது உங்கள் வகுப்பு வாசலில் மட்டும் துடைப்பம் மெதுவாகப் போகும். அந்த வருஷம் நீங்கள் நடத்திய பாடத்தை முழுக்கக் கேட்டிருக்கிறேன். "பாசிய எடுத்தா, பவுடர் கிவுடர் போட்டா எல்லாம் போச்சு" என்று நீங்கள் சொன்னது காதில் இருக்கும்போதேதான் தேய்த்தேன். ஒரு நாள்தானே, நன்றாக அலசிவிட்டால் போதும், இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் பாசி தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். பாசியை விட என் பேர் பெரிதாகத் தெரிந்தது. தெரியாதவள் என்று நீங்கள் சொன்னபோது சுருக்கென்றது. ஆனால் தெரியும் என்று சொன்னால் வேலை போகும். அதனால் தெரியாதவளாகவே உங்கள் முன்னால் உட்கார்ந்து, தெரிந்ததையே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

பேத்தி இப்போது காலேஜில் ஜுவாலஜி படிக்கிறாள். அல்சூரில் எங்கள் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை. போன வாரம் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்து, "எங்க பாட்டிக்கு ஃபுட் செயின் எல்லாம் அத்துப்படி. ஒரு மிஸ் லஞ்ச் டைம்ல உக்காரவெச்சு கத்துக் குடுத்தாங்களாம்" என்று பெருமை பேசினாள். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதும் நான்தான். என் சொந்தக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதைக்கூட எனதென்று சொல்லிக்கொள்ள முடியாமல் ஆக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாற்றிக் காப்பாற்றி ஓய்ந்துவிட்டேன், மிஸ்.

உங்களிடம் சொல்ல எத்தனையோ தரம் காக்ஸ் டவுன் பஸ் ஏறினேன். வந்து, காபி குடித்து, பேத்தியின் மார்க்கைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்து அல்ல. ஒரு நிமிஷம் கோபப்பட்டுவிட்டு, "வெளிய நின்னா கேட்ட? உள்ள வந்து உக்காந்திருக்கலாமே, கமலா" என்று சொல்லியிருப்பீர்கள். அதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.