கறுத்த அரைஞாண்கொடி

மாப்ளே,

இன்று டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்தால் யாரோ முட்டை அவித்துக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்கக் கழிவுநீர் பிளான்ட்டில் மூக்கில் ஏறியது போதாதென்று இங்கேயும் அதே வாடை. அலுத்துப்போய் உட்கார்ந்தேன். உன் கட்டிலில் இப்போது வேறொருவர், வடக்கத்திக்காரர். நல்ல மனிதர்தான், பேச்சுதான் கிடையாது.

இந்த வாடையால்தான் நாம் பழகினோம். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் வெள்ளி அரைஞாண்கொடி கரி பூசியதுபோலக் கறுத்துவிட்டது. வெள்ளி கறுத்தால் உடம்பில் நோய் என்பார்கள் ஊரில். பயந்துபோய்த் திரும்பிவிடலாமா என்றிருந்தேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு என்னைப்போலவே பம்ப் ஹெல்ப்பராக வந்திருந்த நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"நோயும் இல்ல, பேயும் இல்ல. டேங்க்ல இருந்து வர்ற கேஸ்ல கந்தகம் இருக்கு. அது வெள்ளியோட சேர்ந்தா கறுப்பு. கழட்டிக் குடு."

"உசிரோட இருக்கிறவன் கழட்டலாமாடா? பொணத்துக்குத்தான் அறுப்பாங்க."

அதற்கு நீ சிரிக்கவில்லை. ரோலா கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்கி வந்து முதலில் அதைக் கட்டச் சொன்னாய். பிறகு புரோட்டா சுற்றிவந்த அலுமினியத் தாளைக் கிண்ணத்தில் விரித்து, சோடா உப்பைத் தூவி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கொடியை அதன்மேல் கிடத்தினாய். முட்டை வாடை எழுந்தது. கறுப்பு கலைந்தது. "வெள்ளி எங்கயும் போகல மாப்ளே. கந்தகத்துக்கு அலுமினியத்து மேல ஆசை அதிகம். பக்கத்துல காட்டுனா இதை விட்டுட்டு அங்க தாவிடும்" என்றாய்.

ஊருக்கெல்லாம் சொன்ன நீ உன்னுடையதைக் கழற்றவே இல்லை. "லீவுல போறப்ப பார்த்துக்கலாம்" என்பாய். நெஞ்சு வலி என்று போனவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் தந்தார்கள். உன் உடலை ஊருக்கு அனுப்பிவைத்த அலைச்சலில் அது என் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

நேற்று உன் மனைவி போனில் கேட்டாள். "அண்ணே, அவரு கொடி கறுத்திருக்கா? நோயை மறைச்சு வச்சிருந்தாரோ, நான்தான் கேக்காம விட்டுட்டேனோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

கந்தகம், அலுமினியம் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. "இல்லம்மா, பளபளன்னு இருக்கு. லீவுல வர்றப்ப கொண்டாறேன்" என்றேன்.

சொன்ன பொய்யை இன்று மெய்யாக்கினேன். அதே தாள், அதே சோடா உப்பு. கொடி மெல்ல வெளுத்தது. நீ நின்று சுவாசித்த காற்றில் மிச்சமிருந்தது அவ்வளவும் ஆவியோடு எழுந்து ரூமில் பரவியது. உன் கட்டில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாய், கிட்கி கோலோ" என்றார். ஜன்னலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. காது கேளாதவன்போல இருந்துவிட்டேன்.

உன்னுடையது வெள்ளையாக ஊருக்கு வரும், கவலைப்படாதே. என் இடுப்பில் கிடப்பதும் மறுபடி கறுத்துவிட்டது. நாம் ஒரே டேங்க் பக்கம் நின்ற கறுப்பு மாப்ளே. அது அப்படியே இருக்கட்டும்.