தொண்டையை மரக்கச் செய்யும் தெளிப்பு மருந்தைக் குழந்தைகளுக்கு நிறுத்த வேண்டாம்

அனுப்புநர்:
சாமிசோனி வக்கதலே,
மீனவர், லோசலினியின் தாய்மாமன்,
நசேலே கடற்கரை, பிஜி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
வைதலா குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: எண்டோஸ்கோப்பிக்கு முன் குழந்தைகளின் தொண்டையில் அடிக்கும் மருந்தைத் தொடரக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் அக்கா மகள் லோசலினிக்கு ஏழு வயது. விழுங்கிய மரவள்ளிக்கிழங்கு பாதி வழியில் நின்றுவிடும் நோய் அவளுக்கு. முதல் எண்டோஸ்கோப்பியில் மயக்க ஊசி மட்டுமே போட்டார்கள். அரை உறக்கத்திலும் பிள்ளை ஓங்கரித்துத் துள்ளியதால் குழாயை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அன்று நான் அழுத அழுகையில் கடல் ஒரு முழம் ஏறியது.

2. இரண்டாம் முறை செவிலியர் மேரேசெய்னி தெளிப்பு மருந்துடன் வந்தார். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு கொஞ்சமே திறந்து, "மொதல்ல மாமாவுக்கு அடிங்க" என்றாள். எங்கள் வழக்கப்படி அக்கா பிள்ளை கேட்டதைத் தாய்மாமன் மறுக்கக் கூடாது. என் சேவல், துடுப்பு, நல்ல பாய் எல்லாம் அப்படிப் போனவையே. மருத்துவர் சிரித்துத் தலையசைத்தார்.

3. யங்கோனா வேர்ச்சாற்றைக் குடித்துக் குடித்தே மரத்துப்போன நாக்கு இது, இந்த மருந்து என்ன செய்துவிடும் என்று மார்தட்டினேன். ஒரே சீறல்! கசந்தது, பின் நாக்கைக் காணோம், தொண்டையைக் காணோம். "அண்ணே, எச்சில முழுங்குங்க பாப்போம்" என்றார் மேரேசெய்னி. முழுங்கினேனா என்பது எனக்கே தெரியவில்லை. பதில் சொல்லப் போனால் குழறல்தான் வந்தது. "இதுல வீட்டுக்கும் ஒரு பாட்டில் குடுங்கம்மா" என்று என் அக்கா கேட்டதை நான் மன்னித்துவிட்டேன். லோசலினி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கி வாய் மூடுவதற்குள், அவள் எடைக்கு அளந்த மருந்தை மேரேசெய்னி அடித்து முடித்தார். அந்தக் கைக்கு, எங்கள் தீவில் பெரியவர்களுக்குச் செய்வதுபோல், திமிங்கிலப் பல் வைத்து மரியாதை செய்யலாம்.

4. பிறகு மயக்க ஊசி போட்டுக் குழாயை இறக்கியபோது பிள்ளை ஒருமுறைகூட ஓங்கரிக்கவில்லை. தொண்டைக்கு உணர்வு திரும்பும்வரை எங்கள் இருவருக்கும் புரையேறிவிடாதபடி ஒரு மிடறு தண்ணீரும் தராமல் மேரேசெய்னி காவல் நின்றார். நாட்டுக்கு அப்படியொரு படை இருந்தால் புயலே அனுமதி கேட்டுத்தான் வரும்.

5. இந்நிலையில், மயக்க ஊசி பெறும் குழந்தைகளுக்கு அடுத்த மாதம் முதல் இம்மருந்து தேவையில்லை என்று அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. லோசலினியின் மூன்றாம் சோதனையும் அடுத்த மாதம்தான். பிள்ளை மயங்கினாலும் தொண்டை மயங்குவதில்லை என்பதை முதல் முறையே கண்டோம். சந்தேகமிருப்பின் என் தொண்டை மறு சோதனைக்குத் தயார்.

6. அறிவிப்பை அக்காதான் வாசித்துக் காட்டினாள். லோசலினி சிரிக்கவில்லை. என் மடியில் ஏறி, "மாமா, அந்த மருந்து எனக்கு வேணும்" என்றாள். மறுக்க எனக்கு உரிமையில்லை. வீட்டில் இருப்பது எதுவானாலும் இந்நேரம் கொடுத்திருப்பேன். அவள் கேட்டதோ தங்கள் அலமாரியில் இருக்கிறது. அருள்கூர்ந்து அந்த அறிவிப்பை நீக்கி, என்னைக் கேட்டதைக் கொடுக்கும் மாமனாக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: நசேலே
நாள்: ஆகஸ்ட் 14

உணர்வு திரும்பிய நாவுடன்,
சாமிசோனி வக்கதலே