‘விடு’ என்று யாரிடம் சொன்னேன்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் போனைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும். அப்பா பள்ளிக்கூட வேனுக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டு அதைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறார். எனக்குத் திரைச்சீலை வேலை நிறைய, ஒரு ஓட்டல்காரர் எல்லா அறைக்கும் கேட்டிருக்கிறார், முன்னறையில் துணியைத் தவிரக் கால் வைக்க இடமில்லை. போனில் பேசாமல் ஏன் இவள் கடிதம் எழுதுகிறாள் என்று இந்நேரம் நீ யோசித்திருப்பாய். போன் என்றால் நான் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், விஷயம் பாதியில் நிற்கும். எருமைக்கன்று மாதிரி ஒரு நாயை வளர்த்து எங்களிடம் விட்டுவிட்டுப் போனாயே, உன் மூட்டை, அவனைப் பற்றித்தான். உயிரோடு இருக்கிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வலது கண் போய்விட்டதடி.

மூலை வீட்டுப் பல் டாக்டர் அம்மா இரண்டு குட்டை நாய் வளர்க்கிறாள் என்று சொன்னேன் இல்லையா, என் முழங்கால் உயரம்கூட இல்லை, சத்தம் மட்டும் தெருக்கோடிவரை கேட்கும். கயிறும் கிடையாது ஒன்றும் கிடையாது. மூட்டையைக் கண்டால் போதும், முன்ஜென்மப் பகை மாதிரி பாய்ந்து வரும். நானும் எத்தனை விதமாகச் சமாளித்தேன் தெரியுமா, தூரத்தில் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன், முடியாவிட்டால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து அவனுக்கும் அதுகளுக்கும் நடுவில் நானே நிற்பேன், நீ சொன்னபடி குடையைப் படாரென்று விரித்துக் காட்டினேன், கொஞ்ச நாள் பயந்தன, அப்புறம் குடையையே கடித்தன. அந்த அம்மா கேட்டருகே நின்றபடி, "ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா விளையாடுது" என்பாள். நம்மவன் தொண்டைக்குள் ஒரு உறுமல் உறுமினால் மட்டும், "ஐயையோ, பிடிங்க பிடிங்க, பெரிய நாய்" என்று தெருவே பதறும். பெரிய உடம்போடு பிறந்தால் பழியெல்லாம் அவன் தலையில்தான். அவன் பாவம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து வந்துவிடுவான்.

போன மாதம் ஒருநாள் காலையில் குப்பை வண்டி குறுக்கே நின்றது, எதிர்ப்பக்கம் போக வழியில்லை. இரண்டும் வந்தன. ஒன்று பின்னங்காலைப் பிடித்தது, இன்னொன்று எம்பிக் காதைக் கவ்வித் தொங்கியது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் திரும்பி, காலைப் பிடித்த நாயின் முதுகைக் கவ்வினான். கடிக்கவில்லை, கவ்வினான், அவ்வளவுதான். நான் காதில் தொங்கிய சனியனைப் பார்த்து "விடு, விடு" என்று கத்தினேன். குட்டியாக இருக்கும்போது நீ இவனை எப்படிப் பழக்கினாய், என் துணியைக் கவ்விக்கொண்டு ஓடினால் "விடு" என்பாய், வாயைத் திறந்துவிட்டு, "வா" என்று சொல்லும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்றுதானே. நான் அந்த நாய்க்குச் சொன்னேன், இவன் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான். வாயைத் திறந்து விட்டுவிட்டான். நின்றுவிட்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, விடு விடு என்று கத்திக்கொண்டே இருக்கிறேன், இரண்டும் அவன் முகத்தில் ஏறிக் குதறுகின்றன, இவன் சும்மா நிற்கிறான். குப்பை வண்டிக்காரர்தான் குதித்து வந்து கூடையால் தள்ளிவிட்டார். அந்த அம்மா ஓடி வந்து தன் நாய்களைத் தூக்கி, அதுகளுக்கு அடிபட்டதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளோடு மல்லுக்கு நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவ்வளவு நேரமும் அவன் இரத்தம் சொட்டச் சொட்ட நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறான். நான் "வா" என்று சொல்லவில்லையே, கண்ணு.

மிருக டாக்டர் கண்ணை எடுத்துவிட்டுத் தையல் போட்டார், இன்னொரு கண் நன்றாகத் தெரிகிறதாம். வேனில் கூட்டி வரும்போது அப்பா, "உன் பேச்சைத்தான்டி கேட்டிருக்கான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பல் டாக்டர் அம்மாவும் வந்து அழுதாள், இப்போது கயிறு கட்டித்தான் கூட்டிப் போகிறாள், இனிமேல் என்ன பிரயோசனம். அவனை வீடியோவில் காட்டு என்று நீ கேட்டபோதெல்லாம் தூங்குகிறான் என்றேன், பொய்தான். புண் ஆறிவிட்டது. ஆனால் கேட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறான், நடக்காமல் கிடந்தால் இந்த உடம்புக்குப் பின்னங்கால் விழுந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். அப்பா பிஸ்கட் காட்டிப் பார்த்தார், வேன் கதவைத் திறந்து வைத்துக்கூடப் பார்த்தார். நான் தினமும் வெளியே நின்று "வா, மூட்டை, வா" என்கிறேன். கேட்டுவரை வருகிறான், உள்ளேயே நின்று அந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்க்கிறான்.

நீ அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம், உன் வேலை முக்கியம். நீ எந்த நோயாளியைத் தொட்டாலும் அவர்கள் எழுந்து நடக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் வாய்க்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இது கையில் கிடைத்ததும் "வா" என்று உன் குரலில் பதிவு செய்து அனுப்பு, அழுகை தெரியாமல் சொல். நான் கூப்பிட்டு அவன் வரப்போவதில்லை, அதில் அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா