இரண்டாவது சர்வர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் இரண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. காஸ் பதிய வேண்டும். வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

பத்து மணிக்கு நிவேதா மேடம் கூப்பிட்டார். முதலாளியின் மகள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து கம்பெனி இவர் கையில். நான் அப்போது டிரிம்ஸ் ஸ்டோரில் சைஸ் லேபிள் எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டன், லேபிள், எலாஸ்டிக். மூன்று வருடமாக எண்ணுகிறேன்.

விஷயம் இதுதான். வெட்டிய துணிக்கட்டு, அதாவது பண்டில், ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரிலிருந்து பார்கோடு டிக்கெட் வந்தால்தான் தையலுக்குப் போகும். அந்த டிக்கெட் வர நேரமாகிறது. தையல் லைன் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று ஜி.எம். மோகனசுந்தரம் கொட்டேஷன் வைத்திருக்கிறார். (இனி மோ.சு. அந்தப் பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை.) மேடம் கேட்டது இரண்டு கேள்வி. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய சர்வர்கள் கொடுத்த விலைக்குத் தகுமா? இப்போது புதிது வேண்டுமா?

“முன்னாடி கம்ப்யூட்டர் செக்ஷன் நீங்கதான் பாத்தீங்கன்னு அப்பா சொன்னாருங்க. சனிக்கிழமைக்குள்ள பாத்து எழுதிக் குடுங்க.”

சரிங்க என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஸ்டோருக்கு வந்து கதவைச் சாத்தி, லேபிள் பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். பஸ்ஸில் பூண்டியிலிருந்து நின்றுகொண்டே வந்தேன்.

சர்வர் அறைச் சாவி மோ.சு.விடம். கேட்கப் போனேன். கொடுத்தார். கண்ணைப் பார்க்கவில்லை. அந்த அறை என் அறை. என் மேசை இருந்த இடத்தில் இப்போது ஏ.சி. ஓடுகிறது.

மறக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன், மறந்ததே இல்லை என்றாலும். மூன்று வருடத்துக்கு முன் மீட்டிங் ஹாலில் பதினான்கு பேர். இரண்டு பெரிய சர்வர் வாங்கப்போவதாக மோ.சு. சொன்னார். ஒன்று இங்கே. இன்னொன்று பொங்கலூர் யூனிட்டில், இங்கே தீப்பிடித்தாலும் கணக்கு பிழைக்கட்டும் என்று. இவ்வளவு பெரிது நமக்கு எதற்கு, பாதி போதும் என்றேன். அவர் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னது: “பண்டில் எண்றதுக்குப் படிச்சவங்க சர்வரைப் பத்திப் பேச வேண்டாமுங்க.”

பதிமூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்.

ரிப்போர்ட்டுக்கு இன்று எழுதி வைத்திருக்கும் தலைப்புகள்:
- தேவைக்கு மீறிய கொள்முதல்
- கரண்ட் பில், ஏ.சி.யும் சேர்த்து
- யார் முடிவு செய்தது (பெயர் முழுதாக, இதில் மட்டும்)

ஜூன் 11, புதன்

இரண்டு நாளாக மெஷினை அளந்தேன். நெஞ்சு எரிகிறது.

நல்ல மெஷின். மிக நல்ல மெஷின். கம்பெனி முழுக்க வேலை நடக்கும்போதும் பத்தில் ஆறு பங்கு பலம்தான் செலவாகிறது. மூன்று வருடத்தில் ஒரு தடவையும் தானாக நின்றதில்லை. இன்னும் ஐந்து வருடம் ஓடும். பெரிது என்று நான் சொன்னது அப்போதைக்குச் சரி. ஆனால் அப்போது இரண்டு யூனிட், இப்போது நான்கு. அந்தப் பாதி சர்வரை வாங்கியிருந்தால் போன வருடமே மூச்சு வாங்கியிருக்கும். அதையும் நான்தான் எழுத வேண்டும்.

என் லேப்டாப்பை சர்வரில் நேராகக் கேபிள் போட்டு மாட்டினேன். டிக்கெட் இரண்டு நொடியில் வந்தது. கட்டிங் ஹாலுக்குப் போய் அதே டிக்கெட் அடித்தேன். ஐம்பது நொடி. அங்கே டிக்கெட் அடிப்பது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். சொன்னாள்: “ரோஜ் ஐசா ஹி ஹை, தீதி.” தினமும் இப்படித்தானாம்.

ஆக நோய் சர்வரில் இல்லை. வழியில்.

தக்காளி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம்.

கட்டிங் டேபிளுக்குப் பின்னால், சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி. ஹாலில் இருக்கும் எல்லாக் கேபிளும் அதில்தான் சேர்ந்து சர்வருக்குப் போகிறது. பெட்டி முழுக்கப் பஞ்சு அடைத்துச் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பாதி உயிர்தான் பாக்கி. எட்டு வருடத்துக்கு முன் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டியது நான். ஓரத்தில் மார்க்கர் பேனாவில் என் கையெழுத்து, தேதியோடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதே மீட்டிங்கில், சர்வரோடு சேர்த்து இதையும் மாற்றிவிடலாம் என்றார் மோ.சு. அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் போட்டது என்று வீம்பாகச் சொன்னேன். அந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேட்டார்.

ஸ்டோரில் புதுப் பெட்டி ஒன்று கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது மாற்றினேன். பழையதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு மணிக்கு ஹாலில் டிக்கெட் கொட்டியது. சர்வரை நான் ஏதோ சரிசெய்துவிட்டதாகப் பேச்சு. இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டில் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷின் விஷயத்தில் அவரிடம் பொய் நிற்காது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “உனக்கு என்ன வேணும்? அந்த வேலையா, அந்தாளு மொகத்தப் பாக்கணுமா?” என்றார்.

முகம் என்றேன். இருமிக்கொண்டே படுக்கப் போய்விட்டார்.

ஜூன் 13, வெள்ளி

முதலில் பதிவேடு. வாரம் ஒருமுறை கணக்கெல்லாம் பொங்கலூர் சர்வரில் காப்பி ஆக வேண்டும், ஜி.எம். பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்பாடு அப்படி. போட்டிருக்கிறார். மூன்று வருடம், ஒரு வாரம் விடாமல். ‘காப்பி சரி.’ ‘காப்பி சரி.’ ‘காப்பி சரி.’

கம்பெனி வேனில் பொங்கலூர் போனேன். வழியெல்லாம் காற்று, தென்னை மட்டைகள் ரோட்டில். சர்வர் எங்கே என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் யோசித்து, நூல் கோன் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போனார்.

அட்டைப்பெட்டியில் இருந்தது. பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையைக்கூட வெட்டவில்லை.

கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வேனில் ஏற்றச் சொன்னேன்.

நான் திரும்புவதற்குள் மோ.சு.வுக்குத் தகவல் போயிருந்தது. ஸ்டோர் வாசலில் காத்திருந்தார். மூன்று வருடத்தில் ஸ்டோருக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. ரொம்ப மெதுவாகப் பேசினார். சர்வர் பழசு, புதுசு வேணும்னு மட்டும் எழுதுங்க. பழசு ரெண்டையும் எக்ஸ்சேஞ்சுல எடுத்துட்டுப் போயிருவாங்க. திங்கக்கிழமை உங்க ரூமு உங்களுக்கு.

ஆக, புது சர்வர் கேட்டதே இந்தப் பெட்டியைக் கண்ணில் படாமல் அனுப்பிவிடத்தான்.

யோசிக்கிறேனுங்க என்றேன். யோசித்தேன்தான். கோளாறு என் ஸ்விட்சில் என்று அவருக்குத் தெரியாது. அவர் பெட்டி எனக்குத் தெரியும். என்னுடையதை மறைத்து, அவருடையதை மட்டும் போட்டு உடைக்கலாம். ஆனால் அந்த மீட்டிங்கில் பேசியதெல்லாம் எழுதிய மினிட்ஸ் நோட்டு இருக்கிறது. யாராவது ஒருநாள் புரட்டினால், வஞ்சத்தில் எழுதினாள் என்று என் ரிப்போர்ட் மொத்தமும் குப்பைக்குப் போகும். அவர் தப்பித்துவிடுவார். அதற்கு விடமாட்டேன்.

என் தப்பு முதல் பக்கத்தில். அவருடையது இரண்டாம் பக்கத்தில்.

ஜூன் 14, சனி

பச்சைச் சேலை. காலையில் சாப்பிடவில்லை.

மீட்டிங் ஹால். மேடம், மோ.சு., நான். அட்டைப்பெட்டியை முன்பே கொண்டுவந்து மேசை மேல் வைக்கச் சொல்லியிருந்தேன். அதன் பக்கத்தில் பஞ்சு அடைத்த என் ஸ்விட்ச். உள்ளே வந்ததும் பெட்டியைப் பார்த்தார். உட்காரக் கொஞ்ச நேரமானது.

முதல் பக்கம் வாசித்தேன். இங்கே இருக்கும் சர்வர் விலைக்குத் தகும். ஜி.எம். வாங்கியது சரி, வேண்டாம் என்ற நான் தப்பு. டிக்கெட் தாமதத்துக்குக் காரணம் இந்த ஸ்விட்ச். மாட்டியதும் நான், மாற்ற வேண்டாம் என்றதும் நான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்பித்துவிட்டதாக நினைத்திருப்பார். அந்த ஒரு நிமிடம் அவருக்கு இருக்கட்டும் என்று தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் பக்கம். இரண்டாவது சர்வர் ஒரு நாள்கூட விலைக்குத் தகவில்லை. பதிவேட்டை மேடம் பக்கம் நகர்த்தினேன். கத்தரிக்கோலை அவர் பக்கம்.

“பட்டைய நீங்களே வெட்டுங்க.”

மேடம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் வெட்டினார். மூன்று தடவை நழுவியது. உள்ளே வெள்ளைத் தெர்மாகோல், பில், வாரண்டி அட்டை. வாரண்டி போன மாதம் முடிந்திருக்கிறது.

மேடம் ஏன் என்று கேட்டார். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு அத மாட்டத் தெரியலீங்க. சர்வர் கம்பெனிக்காரங்க ஒருக்கா வந்து நெட் லைன் சரியில்லேன்னு போயிட்டாங்க. அப்பறம் கேக்கறதுக்கு ஆளில்லீங்க. தெரிஞ்சவங்கள நான்தான ஸ்டோருக்கு அனுப்பிட்டேன்.”

இந்த வார்த்தைக்காக மூன்று வருடம் லேபிள் எண்ணலாம். நன்றாக இருந்தது. பொய் எழுத மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது.

மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தரு வீம்பு, ஒருத்தரு பயம். நடுவுல கம்பெனிதானுங்க காத்துட்டு நின்னுருக்கு.” இது எனக்கும் சேர்த்து. சுட்டது.

முடிவு: புது சர்வர் இல்லை. ஸ்விட்ச், கேபிள் எல்லா ஹாலிலும் மாற்ற வேண்டும். அறை எனக்கு. இந்த வருடம் சம்பள உயர்வு அவருக்கும் எனக்கும் கிடையாது. அவர் ஜி.எம்.மாகவே இருப்பார், அப்பா காலத்து ஆள் என்பதால். வேறு ஏதாவது வேண்டுமா என்று மேடம் கேட்டார். ஒன்று கேட்டேன். வாரா வாரம் காப்பி சரிபார்க்கும்போது ஜி.எம். என் அறைக்கு நேரில் வந்து, பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மேடம் சரி என்றார். அவர் தலையை ஆட்டினார்.

ஜூன் 21, சனி

காற்று அடங்கவில்லை. பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

பொங்கலூர் சர்வர் வியாழக்கிழமையே மாட்டியாகிவிட்டது. நன்றாக ஓடுகிறது.

பதினொன்றுக்கு மோ.சு. வந்தார். அறையில் இன்னொரு நாற்காலி உண்டு. அதன் மேல் பழைய ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தேன். எடுக்கவில்லை. அவருக்கு மூட்டுவலி என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும்.

காப்பியைச் சரிபார்க்க, கம்ப்யூட்டரில் ஐந்து கணக்கு திறந்து பார்த்தாலே போதும். முப்பது திறந்தேன். ஒவ்வொன்றின் பெயரையும் வாசித்தேன், ஒவ்வொன்றுக்கும் அவர் சரிங்க என்றார். பாதியில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை, நாற்காலி மேல் இருந்த ஃபைல்களை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

கையெழுத்துப் போட்டார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

“அடுத்த வாரமும் பதினொண்ணுக்குங்களா?”

“பத்தரைக்கே வந்துருங்க. நேரமாகும்.”