பதினான்காம் நாள் ஸ்லைடு

இன்று காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஒரு அம்மா மடியில் சாக்குப் பையோடு இருந்தார். உள்ளே பலாப்பழம். பை வாயை இறுக்கிக் கட்டியிருந்தும் அதன் வாசம் ஆட்டோ முழுக்க நிறைந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். "வெள்ளிமலைங்க. பொண்ணு வூட்டுக்கு எடுத்துகினு போறேன்" என்றார். அவ்வளவுதான், நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் கிள்ளி, "இன்னாடி, கனா கண்டுகினு இருக்கியா?" என்று கேட்டிருப்பாய்.

ஆமாம், கண்டுகொண்டுதான் இருந்தேன். கனவில் நீ இருந்தாய், மலை இருந்தது, தூறல் இருந்தது. இறங்கித் திரும்பி நடந்து வரும்போது, உனக்கு எழுத வேண்டியதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் தைரியம் இல்லாதவளுக்கு இப்போது என்ன வீரம் என்று கேட்காதே.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் லேப் டெக்னீஷியன்களாக அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தோம். மலேரியாவுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் அடியோடு போகிறதா, இல்லை பதுங்கியிருந்து திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வெளி மாநிலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய், காய்ச்சலோடு கல்வராயன் மலைக்குத் திரும்புகிறவர்கள் நமக்கு நோயாளிகள். தினம் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை, மூன்று நாளைக்கு. அதை நம் கண்ணெதிரே விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகும் அரை மணி நேரம் நாம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுப்பதற்காக. அதற்கப்புறம் ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று போய், விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கிருமி தேட வேண்டும்.

அந்த அரை மணி நேரத்துக்கு நீ வைத்த பெயர் 'கவர்மெண்ட் லீவு'. யாரும் கேள்வி கேட்க முடியாத சும்மா இருத்தல். சாமை வயல் பக்கமிருந்து மேகம் ஊர்ந்து வந்து வாசல் வரைக்கும் நிற்கும். கோழி ஒன்று அதற்குள் போய்க் காணாமல் போகும், கொஞ்ச நேரத்தில் வேறு பக்கமாக வெளியே வரும். நோயாளி, நீ, நான் மூன்று பேரும் பேச்சில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். மணி ஆனதும் உனக்குத்தான் எழுந்திருக்க மனசே வராது.

மைக்ராஸ்கோப்பிலும் நீ அப்படித்தான். "உள்ள எறங்கிட்டா வெளியில வர மனசு வர்லடி" என்பாய். உன் கை போட்ட சாயம் அப்படி. இளஞ்சிவப்பு மண்ணில் நடப்பது போலிருக்கும். எங்கே எது கிடந்தாலும் தப்பாது. ஆராய்ச்சியில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. என்னை 'தூங்குமூஞ்சி' என்றார்கள், உன்னை 'சாயக்காரி' என்றார்கள். உனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஊர்க் கடைசி வீட்டு அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். புருஷனோடு தோட்ட வேலைக்குப் போனவர், காய்ச்சல் வந்து தனியாக ஊர் திரும்பியிருந்தார். மூளைக்கு ஏறுகிற வகை மலேரியா. முதல் நாள் மாத்திரையை நாம் இரண்டு பேரும் பார்க்க விழுங்கினார். இரண்டாம் நாள் நீ வேறு ஊருக்குப் போக, நான் மட்டும் தனியாகப் போனேன். நல்ல மழை. வெள்ளிமலைச் சந்தையிலேயே அக்கா எதிர்ப்பட்டார். "இந்த மழையில நீங்க இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் நடக்கணும்? குடுங்க, நானே முழுங்கிக்கறேன்" என்றார். மறுநாள் மாத்திரையையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து, 'விழுங்கியதைப் பார்த்தேன்' என்ற கட்டத்தில் இரண்டு நாளைக்கும் டிக் போட்டேன். மழை பெய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டே போட்டேன் என்பது இன்னும் வெட்கம்.

ஏழாம் நாள் ரத்தம் சுத்தமாக இருந்தது. பதினான்காம் நாள் நீ போய் ரத்தம் எடுத்து வந்தாய், நீயே சாயம் போட்டாய். ஒவ்வொரு ஸ்லைடையும் நாம் இருவரும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. நான் 'கிருமி இல்லை' என்று எழுதி என் உறையில் போட்டேன். நீ 'இருக்கிறது' என்று எழுதி உன் உறையில் போட்டாய். மறுநாள் காலை டாக்டர் இரண்டு உறையையும் பிரித்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஸ்லைடு மூன்றாவது ஆளுக்குப் போக வேண்டும், அதுதான் விதி. நீ காத்திருக்கவில்லை. "அது பாட்டுக்குப் போவட்டும் சார். நாங்க மலைக்குப் போய்ட்டு வந்துடறோம்" என்று ஜீப்பைக் கிளப்பச் சொன்னாய்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாய்.

"அந்த அக்கா மாத்திர முழுங்குனத நீ பாத்தியா?"

"மொத நாளு பாத்தேன்."

"அப்பறம்?"

நான் பையைத் திறந்து மாத்திரைப் பட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். நீ திட்டவில்லை. வளைவுக்கு வளைவு மேகம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. டிரைவரிடம் மட்டும், "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்றாய்.

ஜீப் சத்தம் கேட்டு, அக்கா வாசலில் உட்கார்ந்து நமக்காகப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். உடம்பு லேசாகச் சுட்டது. உள்ளே பாயில் அவர் புருஷன் கிடந்தார். நாம் முதல் மாத்திரை கொடுத்துவிட்டு இறங்கிய அன்றைக்கே சாயங்காலம் காய்ச்சலோடு ஊர் வந்தவர். பாதி மாத்திரையில் காய்ச்சல் விட்டுக் காட்டு வேலைக்குப் போனதால் நடுவில் நம் கண்ணில் படவில்லை, முந்தின நாள் இரவு மறுபடி ஏறிவிட்டதாம். கண் திறந்திருந்தது, ஆனால் நாம் நிற்பது தெரியவில்லை. என்றோ செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் அதே காய்ச்சலு தானேங்க" என்றார் அக்கா. "வூட்டுக்கு வந்தத ஒருத்தரா எப்டிங்க துன்றது? அவருக்கு வெள்ள, எனக்கு மஞ்சா. ரெண்டு நாளும் அப்டித்தான் முழுங்குனோம்."

தேனோ கிழங்கோ, வந்ததைப் பங்கு போடாமல் வாயில் வைக்காத வீடு அது. மருந்தை மட்டும் எப்படித் தனியாகத் தின்பார்? குற்றம் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. நீ அவர் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாய். "அக்கா, இது ரெண்டும் புருசன் பொண்டாட்டி மாரி. பிரிச்சா வேலைக்கு ஆவாது. எழுந்திரிங்க, போலாம்" என்றாய். அந்த நிலையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

இறங்கும்போது அக்கா புருஷனின் தலை உன் மடியில், கால்கள் என் மடியில். அவர் அம்மாவைக் கூப்பிடும்போதெல்லாம் நீ 'இங்கதான் இருக்கேன்பா' என்று பதில் சொன்னாய். நான் அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, இந்த மனிதர் செத்தால் நான்தான் கொன்றவள் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்க முடியவில்லை. மலைப்பாதை முடியவே இல்லை போலிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அப்படியே கிடந்தார். நான்காம் நாள் கண் தெளிந்து, களி இருக்குமா என்று கேட்டாராம். அக்காவுக்கும் புதிதாக மருந்து கொடுத்து எல்லாம் சரியாயிற்று.

பிறகு டாக்டர் நம்மைக் கூப்பிட்டார். பொய் டிக்கை நானே சொன்னேன். நீ மட்டும் சரியாகப் பார்க்காமல் போயிருந்தால் அக்கா குணமானவர் என்றே கணக்கில் ஏறியிருப்பார். நான் டிக்கை ஒப்புக்கொள்ளாமல் போயிருந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று ஏறியிருக்கும். இரண்டுமே பொய். அடுத்த மலையில் அடுத்த நோயாளிக்கு என்ன மருந்து கொடுப்பது என்பதை அந்தப் பொய்தான் தீர்மானித்திருக்கும். டாக்டர் இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"சரிம்மா, மாத்திரை விஷயம் புரியுது. ஸ்லைடுல எப்படி விட்ட?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"சார், அது என் தப்பு. அன்னிக்கி சாயம் ஜாஸ்தி நேரம் வுட்டுட்டேன். நான் போட்டதால எங்க தேடணும்னு எனக்குத் தெரிஞ்சிது. அவளுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு எச்சரிக்கையோடு வேலை தங்கியது. அதற்கப்புறம் உன் ஸ்லைடுகளை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்கள்கூட, "சாயம் சரியா வந்திருக்கா அக்கா?" என்று உன்னைக் கேட்டார்கள். சாயக்காரி என்று யாரும் கூப்பிடுவது நின்றுபோயிற்று. நீ கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு சாயம் போட ஆரம்பித்தாய். என் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பாய். நானும் சிரித்து வைத்தேன்.

போன வருடம் உன் வீட்டுக்கு வந்தபோது நீ பாதியாக இளைத்திருந்தாய். வைத்தியம் இனிமேல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வந்தேன். நீயே அந்த அக்காவைப் பற்றிக் கேட்டாய். நல்லாயிருக்காங்க, பேரன் பிறந்திருக்கான் என்றேன். "பரவால்ல. நம்ம நாலு கண்ணுல ரெண்டு கண்ணாவது அன்னிக்கி நல்லா இருந்துச்சே" என்று என் கண்ணாடியைத் தட்டிக் கேலி செய்தாய். அது போதும், என் தீர்மானம் கரைந்துபோயிற்று. நானும் சேர்ந்து சிரித்தேன். பத்து நாளில் நீ போய்விட்டாய்.

என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நம்பித்தான் உன் கைமேல் பழியைப் போட்டுக்கொண்டாய். எனக்குப் பயம், அவ்வளவுதான். கிருமி இருக்கிறது என்று எழுதினால் மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள், டிக் வெளியே வரும்.

அன்றைக்கு உன் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று நீல வளையம், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு. நான் பார்த்தேன். திருகைத் திருகித் தெளிவாக்கி, இன்னொரு முறையும் பார்த்தேன். அப்புறம்தான் 'இல்லை' என்று எழுதினேன்.